மாடிப்படிக்கு அடியில் ஒன்பது கேபிள்கள்

மொரீசியஸ் வீடுகளுக்கும் வைஃபைக்கும் ஆகாது. காரணம் கேட்டால் 1960ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஜனவரியில் ஆலிக்ஸ், பிப்ரவரியில் கரோல் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்கள் தீவைப் புரட்டிப் போட்டன. மரச்சட்டமும் தகரமுமாக இருந்த வீடுகள், கரும்புச் சோகை வேய்ந்த வீடுகள் எல்லாம் பறந்து போயின. அதன்பிறகு கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். எரிமலைக் கருங்கல்லை உடைத்துச் செய்த கட்டைகளில் சுவர், கம்பி கட்டி வார்த்த தட்டையான தளம். புயல் மோதினாலும் அசையாத அந்தச் சுவர், ரௌட்டரின் அலையையும் வாசலோடு நிறுத்திவிடுகிறது.

எங்கள் வீடு காத்ர் போர்னில், கோர் தெ கார்த் மலைப் பக்கம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் மாமியாரும் (நான் அத்தை என்பது அவரைத்தான்) கொழுந்தனார் குடும்பமும், மேல்தளத்தில் நாங்கள். இணையத்தைக் கொண்டுவரும் ஃபைபர் இழை வந்து இறங்குவது கீழே, முன்கூடத்தில். நான் வேலை செய்வது மேலே, பின்பக்க அறையில். நடுவே இரண்டு சுவர்களும் ஒரு தளமும்.

வேலை என்றால் தமிழ் சொல்லிக்கொடுப்பது. மாணவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கிறார்கள். கடிகாரமும் ஒன்று, கடலும் ஒன்று. அவர்கள் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர்கள். தேவாரம் பாடத் தெரியும், பொருள் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு லகர ளகர ழகர வேறுபாட்டைத் திரையின் வழியே காதில் ஏற்றுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒலி ஒரு கணம் இடறினாலும் வாழை வாளையாகி, தோட்டத்தில் நின்றது கடலில் நீந்தத் தொடங்கிவிடும். 'மறுபடி சொல்லுங்கள்' என்று நான் கேட்பதும், 'மறுபடி சொல்லுங்கள்' என்று அவர்கள் கேட்பதுமாகவே சில வகுப்புகள் முடிந்திருக்கின்றன.

இணைப்பு போதாது, பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு காணொளி வகுப்புக்கு நொடிக்குச் சில மெகாபிட் போதும். எங்களுக்கு வருவதோ அதைப்போலப் பல மடங்கு. குறைவது வேகம் அன்று, சீர். சுவரைத் துளைத்து வரும் அலை பலவீனமாகும்போது, பெறும் கருவி 'சரியாக வரவில்லை' என்கிறது, அனுப்பும் கருவி திரும்ப அனுப்புகிறது. பக்கத்து வீட்டு ரௌட்டரும் அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஒரு திரைப்படத்தை இறக்கும்போது இந்தத் தாமதங்கள் கண்ணில் படுவதில்லை. எதிரில் ஆள் உட்கார்ந்து பேசும்போது ஒவ்வொன்றும் தெரிகிறது. அலையை வாங்கி மறுபடி பரப்பும் பெட்டி ஒன்றை வாங்கி நடுவில் வைக்கலாம்தான். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் மலிவான பெட்டி வேகத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். சுவர் அப்படியே நிற்கும். அசையாத கருவிகளுக்குக் கேபிள், கையோடு திரியும் கருவிகளுக்கு வைஃபை. இதுதான் என் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், கேபிள் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. மேல்தளம் எழுப்பியபோது ஒப்பந்தக்காரர் அறைக்கு ஒன்றாக வெள்ளைத் தகடு பதித்து, அதில் ஈதர்நெட் போர்ட்டும், அதாவது கணினிகளைக் கம்பியால் இணைக்கும் கேபிளுக்கான துளையும், வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது நாகரிகம். யாரும் பயன்படுத்தியதில்லை. ஒன்று குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால், ஒன்று சுவர் வண்ணத்துக்கு அடியில், ஒன்றின் மேல் கோயில் நாட்காட்டி. தொலைபேசிக்கானவை என்றே கொழுந்தனார் இத்தனை காலமும் நினைத்திருந்தார். மடிக்கணினியைச் செருகிப் பார்த்தேன். எந்த அறையிலும் உயிர் இல்லை.

சுவரில் போர்ட் இருந்தால் நெட்வொர்க் இருக்கிறது என்று பொருள் இல்லை. அந்தக் கேபிளின் மறுமுனை எங்கோ வெளியே வந்து, அங்கே ஒரு கருவியில் செருகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாக் கேபிள்களும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது அந்த ஒப்பந்தக்காரருக்குத்தான் தெரியும். அவர் எப்போதோ ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் தேடினோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தேடினோம். "சுவரை மட்டும் உடைத்துவிடாதே அம்மா" என்று அத்தை கிரியோல் மொழியில் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். கடைசியில் கண்டுபிடித்தவரும் அவரே. மாடிப்படிக்கு அடியில் ஒரு அலமாரி உண்டு. புயல் காலத்துக்கான மெழுகுவர்த்தி, மத்தி மீன் டப்பா, பிஸ்கட், தண்ணீர்க் குடம் எல்லாம் நவம்பரில் அங்கே போய் உட்காரும். அவற்றுக்குப் பின்னால் சுவரில் ஒரு சதுரத் தகடு இருப்பதாக அவருக்கு நினைவிருந்தது.

திருகாணிகளைக் கழற்றியதும் பல்லி முட்டைகள் உதிர்ந்தன. உள்ளே ஒன்பது கேபிள்கள், நுனி வெட்டியபடி, தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகித நாடா, அதில் பென்சிலால் பிரெஞ்சில் அறைப் பெயர். மூன்று நாடாக்களில்தான் எழுத்து மிஞ்சியிருந்தது. அதிலும் ஒன்று பொய் என்று பின்னால் தெரிந்தது.

எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க டோனர் என்று ஒரு கருவி உண்டு, விலை அதிகமில்லை. அறையில் உள்ள போர்ட்டில் ஒரு பெட்டியைச் செருகினால் அது கம்பிக்குள் ஒரு ஒலிச் சமிக்ஞையை அனுப்பும். மறுமுனையில் பேனா போன்ற ஒரு கருவியைக் கேபிள்களின் அருகே கொண்டுபோனால், அந்தச் சமிக்ஞை ஓடும் கேபிளின் மேல் வரும்போது கருவி ஊளையிடும். உறையைச் சீவ வேண்டாம், தொடவும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இயங்கிக்கொண்டிருக்கும் ரௌட்டரிலோ கணினியிலோ செருகிய கேபிளில் இதைச் செய்யக்கூடாது. பேனாவோடு நான் அலமாரிக்குள் குந்தியிருக்க, கொழுந்தனாரின் மகன் அறை அறையாக ஓடி "இப்போது, சித்தி?" என்று கத்தினான். மதியத்துக்குள் எல்லாக் கேபிளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது.

ஊளையிட்டவற்றில் இரண்டு விசித்திரமானவை. ஒரு படுக்கையறையில் செருகினால் பக்கத்துப் படுக்கையறையிலும் கேட்டது. தகட்டைக் கழற்றிப் பார்த்தால், அலமாரியிலிருந்து வந்த கேபிள் முதல் அறைப் போர்ட்டில் தொட்டுவிட்டு அங்கிருந்தே அடுத்த அறைக்குப் போயிருந்தது. தொலைபேசிக்கு இப்படிச் செய்யலாம். ஒரே இணைப்பில் சில தொலைபேசிகளை மாட்டினாலும் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். ஈதர்நெட்டில் ஒரு கேபிளுக்கு இரண்டு முனைகள்தான், ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு கருவிதான். அந்த அறையில் இரண்டு கேபிள்களையும் பிரித்துத் தனித்தனிப் போர்ட்டில் முடித்து, நடுவே ஐந்து துளைகள் கொண்ட சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை வைத்தோம்; ஒரு கேபிளில் வருவதைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்துகொடுக்கும் பெட்டி அது. இரண்டு அறைகளும் பிழைத்தன.

இனி முனைகளை முடிக்க வேண்டும். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கேபிளின் சாம்பல் உறையைச் சீவினால் நான்கு ஜோடிக் கம்பிகள், ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியபடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. முழு நிறம் ஒன்று, வெள்ளைக் கோடு போட்டது ஒன்று. இப்படி முறுக்கும் யோசனை இணையத்துக்கு வெகுகாலம் முந்தியது. 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக் கம்பிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராக ஓடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் சமமாக விழும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் அடிபட்டுப் போய்விடும். முறுக்குத்தான் எல்லாம். அதனால் நுனியில் முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது.

கம்பிகளை அடுக்க டி568ஏ, டி568பி என்று இரண்டு முறைகள். ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறுவதைத் தவிர இவற்றுக்குள் வேறு வித்தியாசம் இல்லை. இரு முனையிலும் ஒரே முறை இருக்க வேண்டும், அவ்வளவுதான். இக்காலக் கருவிகள் மாறியிருந்தாலும் தாமே சரிசெய்துகொள்கின்றன. இருந்தாலும் எல்லாவற்றையும் பி முறைக்கு மாற்றினோம்.

மின்வேலை செய்யும் என் கணவரின் அத்தை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வந்தார். வீட்டு மின்சாரத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. இந்த மெல்லிய கம்பிகளைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் இளக்காரம். என் வேலையறைப் போர்ட் மட்டும் ஒப்பந்தக்காரரே அழகாக முடித்து வைத்திருந்தது; அதைத் தொட வேண்டாம் என்றார். அதைப் பார்த்து அலமாரி முனையையும் அதே வரிசையில் முடித்து, கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரை மாட்டினார். ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. "எல்லாம் சரி" என்றார். கணினியை மாட்டினால் இணைப்பு வந்தது, போனது, வந்தது. கோப்பு ஒன்றை நகலெடுத்தால் ஆமையாக ஊர்ந்தது.

போர்ட்டின் பின்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த ஒப்பந்தக்காரர் ஜோடிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்: ஒன்று இரண்டு ஒரு ஜோடி, மூன்று நான்கு ஒரு ஜோடி, ஐந்து ஆறு ஒரு ஜோடி, ஏழு எட்டு ஒரு ஜோடி. பார்க்க ஒழுங்கு, கேட்க நியாயம், ஆனால் தவறு. ஈதர்நெட்டில் மூன்றும் ஆறும்தான் ஒரு ஜோடி; நடுவில் உள்ள நான்கும் ஐந்தும் இன்னொரு ஜோடி. அமெரிக்கத் தொலைபேசி மரபில் நடு இரண்டு முனைகளும் முதல் இணைப்புக்கு உரியவை. அவற்றைத் தொடாமல் விடத்தான் இந்தக் கோணல் அடுக்கு. ஒப்பந்தக்காரரின் வரிசையில் மூன்றில் ஒரு ஜோடியின் கம்பியும் ஆறில் வேறு ஜோடியின் கம்பியும் அமர்ந்துவிட்டன. ஒரே சமிக்ஞையின் இரு பாதிகளும் வெவ்வேறு முறுக்கில் ஓடின; இரைச்சலை அடிக்கும் வித்தை அங்கே வேலை செய்யவில்லை. மலிவான டெஸ்டருக்கு இது தெரியாது. இந்த முனையின் மூன்று அந்த முனையின் மூன்றுக்குப் போகிறதா என்று மட்டுமே அது பார்க்கும், போகிறது என்று பச்சை காட்டும். யாருடன் சேர்ந்து போகிறது என்பது அதன் கேள்வி இல்லை.

இரு முனைகளையும் வெட்டி மறுபடி முடித்தோம். கம்பியைப் பள்ளத்தில் வைத்துப் பஞ்ச் கருவியால் அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம். கருவியின் கத்தி மிச்சத்தை வெட்டித் தள்ளிவிடும். இம்முறை நொடிக்கு 1000 மெகாபிட்டில் இணைப்பு நின்றது. அத்தை மகன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தகட்டைக் கழற்றும்போது நிறங்களைத் தாமே வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

அடுத்த குழப்பம் ரௌட்டரை எங்கே வைப்பது என்பது. அலமாரிக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்றார் கணவர். மூடிய அலமாரிக்குள் வைஃபையை அடைத்துவைப்பதில் என்ன லாபம்? முன்கூடத்தில் ஃபைபர் பெட்டிக்கு அருகே ரௌட்டர் அப்படியே இருக்கட்டும். கூடத்துச் சுவரிலும் ஒரு போர்ட் இருக்கிறதே, அது எங்கே போகிறது? அலமாரிக்குத்தான். ஆகவே ரௌட்டரிலிருந்து ஒரு சிறு கேபிள் கூடத்துப் போர்ட்டுக்கு. அலமாரியில் அதன் மறுமுனையைப் பத்துத் துளைக்கு மேல் உள்ள ஒரு ஸ்விட்ச்சில் செருகினோம். மற்ற எட்டு கேபிள்களும் அதே ஸ்விட்ச்சில். கூடத்திலிருந்து உள்ளே போன ஒரே கேபிள் வீடு முழுவதற்கும் ஊட்டுகிறது. ஸ்விட்ச்சோடு வந்த மின்செருகி பிரெஞ்சு இரட்டை முனை, அலமாரியில் இருந்தது ஆங்கிலேய மும்முனைத் துளை. இந்தத் தீவில் இரண்டு ஆட்சிகளும் இன்னும் சுவரில் குடியிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் இழுப்பறை நிறைய மாற்றுச் செருகிகள்.

மேல்தளக் கூடத்துப் போர்ட்டில் வைஃபை பரப்பும் பெட்டி ஒன்றை மாட்டினோம். அது சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, கேபிள் வழியே மேலே வந்துவிட்டது. கீழேயும் அதே பெயர், அதே கடவுச்சொல். கேபிள் இழுத்ததில் வீட்டில் அதிகம் பயனடைந்தது வைஃபைதான் என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். ஈதர்நெட்டின் பூர்வீகமே வானொலிதான். ஹவாய்த் தீவுகளின் கணினிகளைக் கம்பியில்லாமல் இணைக்க 1971இல் இயங்கத் தொடங்கியது அலோஹாநெட். அதன் யோசனையை எடுத்துக் கம்பிக்குள் கொண்டுவந்து, ராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதம் ஸெராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட் பற்றிய தம் குறிப்பை எழுதினார். தீவுகளுக்குள் அலையாகப் பறந்த சரக்கு கம்பிக்குள் இறங்கி, இப்போது எங்கள் மாடியில் மறுபடி அலையாகியிருக்கிறது.

ஒரு கேபிள் மட்டும் முழுதாகத் தேறவில்லை. கீழ்த்தளத்தில் அத்தையின் தொலைக்காட்சிக்குப் பின்னால் போகும் கேபிள் அது. சமையலறை அலமாரி மாட்டியவர் அடித்த திருகாணி எங்கோ கேபிள் போகும் பைப்பைத் துளைத்திருக்க வேண்டும்; பழுப்பு ஜோடி அறுந்திருந்தது. 1999இல் வந்த கிகாபிட் தரத்துக்கு நான்கு ஜோடிகளும் தேவை. நூறு மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் மட்டும் போதும். இன்றைக்கும் பெரும்பாலான தொலைக்காட்சிகளின் ஈதர்நெட் துளை நூறுக்கு மேல் போவதில்லை. எனவே அந்தக் கேபிளுக்கும் அந்தத் தொலைக்காட்சிக்கும் பொருத்தம் பத்தும் சரியாக இருக்கிறது. சென்னைத் தொடர்கள் தடங்கலின்றி ஓடுகின்றன. பழுப்பு ஜோடிக்காகச் சுவரை உடைக்க எனக்கும் மனமில்லை, அவருக்கும் சம்மதமில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் ஒருநாள், வகுப்பின் நடுவே வீடு முழுவதும் செத்தது. வைஃபை, கேபிள், தொலைக்காட்சி எல்லாம். அலமாரியைத் திறந்தால் ஸ்விட்ச்சின் விளக்குகள் அத்தனையும் ஒன்றாக வெறிபிடித்து மின்னிக்கொண்டிருந்தன. கொழுந்தனாரின் மகன் தன் அறையில் கிடந்த கேபிள் ஒன்றின் ஒரு முனை சும்மா தொங்குகிறதே என்று, அதையும் அங்கிருந்த சிறு ஸ்விட்ச்சிலேயே செருகியிருக்கிறான். இரு முனையும் ஒரே பெட்டியில். எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் செய்தி அந்த வளையத்தில் சுற்றத் தொடங்கினால் நிற்காது. ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் வரம்பு கிடையாது. சுற்றச் சுற்றப் பெருகி, வேறெதற்கும் வழியில்லாமல் அடைத்துவிடும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்ற கணினி அறிஞர் 1985இலேயே வழி கண்டுபிடித்துவிட்டார். வளையம் இருப்பதை ஸ்விட்ச்சுகளே பேசித் தெரிந்துகொண்டு ஒரு கிளையை மூடிவிடும். ஆனால் அந்த அறிவு விலை உயர்ந்த ஸ்விட்ச்சுகளில்தான் இருக்கிறது. எங்களுடையது சாதுவான மலிவுப் பெட்டி. பையனைத் திட்டவில்லை. கேபிள் தொங்கினால் செருகத் தோன்றுவது இயல்புதான். அந்தக் கேபிளை எடுத்துப் புயல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தத் தீவில் பாதி வீடுகளின் மொட்டைமாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மகனுக்கு ஒரு தளம், பேரனுக்கு ஒரு தளம் என்று தலைமுறைக் கணக்குப் போட்டு விட்டுவைத்த கம்பிகள். அவ்வளவு தொலைநோக்கு உள்ளவர்கள் வார்ப்புக்குள் ஒரு வெற்றுப் பைப் வைக்க மட்டும் மறந்துவிடுகிறார்கள். கேபிள் சாகும், தரம் மாறும்; பைப் இருந்தால் பழையதை இழுத்துப் புதியதை விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் சில கேபிள்கள் பைப்பே இல்லாமல் சிமெண்ட்டில் புதைந்திருக்கின்றன. அவற்றின் ஆயுள் சுவரின் ஆயுள்தான். கொழுந்தனார் அடுத்த தளம் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். அறைக்கு இரண்டு பைப், மின்சாரப் பைப்பிலிருந்து தள்ளி, வளைவுகள் குறைவாக, உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டைல்ஸ் பட்டியலோடு அதுவும் அவர் பையில் இருக்கிறது.

மிச்சமிருப்பது பின்கட்டு. கொல்லையில் தனியாக நிற்கும் அறையில் கொழுந்தனாரின் தையல் எந்திரங்கள் இருக்கின்றன. கணக்குப் பார்க்க அங்கேயும் இணையம் வேண்டும் என்கிறார். அத்தை மகன் வெயில் தாங்கும் கறுப்புக் கேபிளை வெளியே இழுத்துவிடலாம் என்கிறார். தூரம் நூறு மீட்டருக்குள்தான், செம்புக் கேபிள் போதும். ஆனால் இரண்டு கட்டடங்களின் மண்ணிணைப்பும் (எர்த்) வேறு. கோடையில் இடி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே செம்பு கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. இரண்டு பக்கமும் மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மாற்றும் ஒரு பெட்டி, நடுவே ஃபைபர். விலை வித்தியாசமும் பெரிதில்லை. இதில் நான் ஜெயித்துவிட்டேன், இழையும் வாங்கியாகிவிட்டது. காவடிக்கான பத்து நாள் விரதம் முடியும்வரை வீட்டில் துளையிடும் எந்திரத்தின் சத்தம் கேட்கக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. அதனால் பின்கட்டு வேலை தைப்பூசத்துக்குப் பிறகு.